நூற்றைம்பதா, இருநூறா

பெல் கிரீக், வயோமிங்
6 மார்ச் 1966, ஞாயிறு

கர்த்தருக்குள் பிரியமான ஆர்லோ அண்ணனுக்கு, தங்கை லவோன் எழுதுவது. அவர் கிருபையால் நானும் உன் மைத்துனரும் சுகமாக இருக்கிறோம். உன் சுகமும் இர்மா அண்ணியின் சுகமும் அறிய ஆவல். அண்ணிக்கு விரல் வீக்கம் இந்தக் குளிரில் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய கம்பளிக் கையுறை சரியாக இருந்ததா?

இங்கே வேலிக் கம்பத்தில் பாதி உயரத்துக்குப் பனி நிற்கிறது. ஆடுகள் குட்டி போடத் தொடங்கிவிட்டன. இரண்டு சவலைக் குட்டிகள் அடுப்பு ஓரத்தில் பெட்டிக்குள் கிடந்து கத்துகின்றன. இதை எழுதும்போதும் கத்துகின்றன.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்டிருக்கலாம். ஆனால் எட்டு வீட்டுக்கு ஒரே கம்பி. நான் கருவியை எடுத்தால் பக்கத்துப் பண்ணைப் பியர்ல் வீட்டுச் சுவர்க்கடிகாரம் அடிப்பது என் காதில் கேட்கிறது. அவள் எடுத்துக் காதில் வைத்திருந்தாலன்றி அது எப்படிக் கேட்கும்?

நேற்று காலை பலகாரம் சாப்பிடும்போது டெல்பர்ட், "லவோன், இந்த வருஷம் இருநூறு போடு" என்றார்.

"இருநூறு என்னது?"

"குண்டுதான். இருநூறு கிரெயின்."

பதினோரு வருடமாக அவருடைய தோட்டாக்களை நான்தான் செய்கிறேன். அவர் விரல் தடிமனுக்கு வெடிமருந்து நிறுக்கும் சின்னத் தராசு ஒத்துவராது. பதினோரு வருடமும் நூற்றைம்பது கிரெயின் எடையுள்ள குண்டுதான். ஒவ்வொரு தோட்டாவுக்கும் நோட்டில் ஒரு வரி இருக்கிறது: தேதி, குண்டின் எடை, மருந்தின் எடை, பித்தளைக் கூடு எத்தனையாவது தடவை, எங்கே சுட்டது, எங்கே பட்டது.

"நூத்தம்பதுக்கு இப்ப என்ன கேடு வந்திச்சு?" என்று கேட்டேன்.

"வடக்குப் பள்ளத்தாக்குக்கு அந்தாண்ட ஒரு கிழட்டுக் கொம்பன் நிக்கிறான். அந்த மாதிரி எல்க் மானை என் ஆயுசுல பாத்ததில்ல. நடுவுல ஐநூறு கெஜம். என் முழங்காலு எறங்கி ஏறாது. இந்தாண்ட நின்னுதான் அடிக்கணும். அவ்ளோ தூரத்துக்கு லேசு குண்டு தாங்குமா?"

"தாங்குமான்னு பாத்துச் சொல்றேன்."

"உங்கண்ணனுக்கு எழுதிக் கேளேன். அவன்தான பெரிய குண்டுப் பண்டிதன்."

ஆகவே கேட்கிறேன். நூற்றைம்பதா, நூற்றெண்பதா, இருநூறா? நீ எப்போதும் கனமான குண்டுக்குக் கட்சி கட்டுகிறவன் ஆயிற்றே. உன் பதில் வந்தால் மே மாதம் சோதனைக்குப் பத்து தோட்டா செய்வேன்.

அண்ணிக்கு என் முத்தங்கள். உங்கள் இருவர் பேரையும் சொல்லி ஜெபிக்கிறேன்.

உன் அன்புத் தங்கை,
லவோன்


மேரோ ஃபெரி, ஐடஹோ
11 ஏப்ரல் 1966

அன்புள்ள லவோன்,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறோம். இர்மாவின் விரல் அப்படியேதான். கையுறையை ஈஸ்டர் ஆராதனைக்குப் போட்டுக்கொண்டு வந்தாள், எல்லோரும் யார் பின்னியது என்று கேட்டார்கள்.

பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

நூற்றைம்பதே போடு. மாற்றாதே. லேசான குண்டு வேகமாகப் போகும். வேகமாகப் போனால் தாழாமல் போகும். அது போதும். இருநூறு எல்லாம் மச்சானுக்கு வேண்டாத வேலை.

மச்சான் எப்படி இருக்கிறார்? செய்தித்தாள் வாசிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறாரா? தலைவலி என்று ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்டேன்.

அண்ணன்,
ஆர்லோ


பெல் கிரீக்
18 ஏப்ரல் 1966

அன்புள்ள அண்ணா,

உயிர்த்தெழுந்த ஆண்டவர் நாமத்தில் வாழ்த்துகள். அவருக்குத் தலைவலி இல்லை. வாசிக்கும்போது கண்ணாடி போடுகிறார், ஐம்பத்தாறு வயதில் யார்தான் போடுவதில்லை? செய்தித்தாளை இப்போதெல்லாம் என்னைத்தான் வாசிக்கச் சொல்கிறார். நான் கம்பளி பின்னிக்கொண்டே வாசித்துக் காட்டுகிறேன். நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கோபித்துக்கொள்ளாதே, இதை எழுதியது நீதானா என்று கையெழுத்தைக்கூடப் பழைய கடிதத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன்.

1961இல் நீ எனக்கு எழுதியது இன்னும் இருக்கிறது. டெல்பர்ட்டின் நூற்றைம்பதை "காற்றடித்தால் வழிமாறிப்போகும் சிட்டுக்குருவி" என்று கேலி செய்திருந்தாய். இருநூறுதான் குண்டு, மற்றதெல்லாம் கூழாங்கல் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். இரண்டு கோடு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அட்டவணைப் புத்தகம் பார்க்கத் தெரியும். முந்நூறு கெஜம் வரை நீ சொல்வது சரி. லேசான குண்டு துப்பாக்கியை விட்டு வேகமாகக் கிளம்புகிறது, குறைவாகத் தாழ்கிறது. ஆனால் வேகத்தைச் சீக்கிரம் இழந்துவிடுகிறது. ஐந்நூறு கெஜத்தில், மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காற்றில், நூற்றைம்பது ஏறக்குறைய பதினெட்டு அங்குலம் விலகுகிறது. இருநூறு பதினாலு அங்குலம்தான். வடக்குப் பள்ளத்தாக்கில் காற்று பத்து மைலோடு நிற்குமா? நான்கு அங்குலம் என்பது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் உள்ள வித்தியாசம். வயிற்றில் அடிபட்ட மான் இரண்டு நாள் நடந்து எங்கோ சாகும். அந்தப் பாவம் யார் தலையில்?

கனமான குண்டு மானைச் சேரும்போது பலமும் மிச்சம் வைத்திருக்கும். இதெல்லாம் எனக்கு நீ கற்றுக்கொடுத்தது.

பின் ஏன் நூற்றைம்பது? உண்மையான காரணத்தை எழுது.

அண்ணியின் விரலுக்குச் சூடான மெழுகு ஒத்தடம் கொடுத்துப் பார்க்கச் சொல்.

லவோன்


மேரோ ஃபெரி
2 ஜூன் 1966

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். மெழுகு ஒத்தடம் கொஞ்சம் கேட்கிறது, இர்மா உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள். ஆற்றில் தண்ணீர் கலங்கல், மீன் இல்லை.

காரணம் கேட்டிருந்தாய். மச்சானின் துப்பாக்கி பழையது. அதன் குழலுக்குள் இருக்கும் புரி மெதுவாகச் சுற்றுகிறது. இருநூறு கிரெயின் குண்டு நீளம் கூடுதல், அதைச் சரியாகச் சுழற்றிவிட அந்தப் புரியால் முடியாது. குண்டு தலைகுப்புற உருளும். அதனால்தான் நூற்றைம்பது என்றேன்.

இதற்குமேல் இதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முடிந்தால் இந்த வருடம் வேட்டைக்கே போகவேண்டாம் என்று சொல்லிப் பார். முழங்கால் சரியில்லை என்கிறாயே.

ஆர்லோ


பெல் கிரீக்
12 ஜூன் 1966, ஞாயிறு

அண்ணா,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு ஜெபிக்கிறேன், உன் நாவுக்கும் சேர்த்து.

உன் கடிதம் வந்த அன்றே துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, சுத்தம் செய்யும் கம்பியின் நுனியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் தள்ளினேன். கம்பியின் மேல்பக்கம் மையால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். கம்பி உள்ளே போகப் போகப் புள்ளியும் சுற்றியது. ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வந்தபோது தையல் நாடாவால் அளந்தேன். பத்து அங்குலம். மூன்று முறை அளந்தேன். பத்து, பத்து, பத்தேகால். பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் இருநூறு தாராளமாகச் சுழலும், இருநூற்றிருபதுகூடச் சுழலும். உன் துப்பாக்கியும் பத்துதான். அது உனக்குத் தெரியாதா?

டெல்பர்ட் உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்ன, துப்பாக்கிக்கு ரவிக்கை தைக்கிறியா?" என்றார்.

"உங்க மச்சான், புரி பத்தாதுன்னு எழுதியிருக்காரு."

அவர் சிரிக்கவில்லை. "வேற என்ன எழுதியிருக்கான்?" என்றார்.

"வேட்டைக்கே போகவேணாமாம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வேற என்ன எழுதணும்?"

காபியை ஊற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன வாரம் சபைச் சமையலறையில் பணியாரத்துக்கு ருபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது பியர்ல் கேட்டாள்: "ஏண்டி லவோன், உங்கண்ணன் போன வருஷம் எங்க ஊருக்கு வந்து ஒரு மானும் அடிக்காமத்தான திரும்புனாரு? ஐடஹோவுலயே பேர்போன கை, அவ்வளவு தூரம் வந்து வேட்டைச் சீட்டும் வாங்கி, வெறுங்கையோட போறதாவது! இந்த வருஷம் பாரு, எதுக்கோ கண்ணு வெச்சுட்டுத்தான் போயிருக்காரு."

"எங்கண்ணன் அப்படிப்பட்டவரில்ல" என்றேன். கத்தி கையில் இருந்ததால் அவள் மேலே பேசவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. அந்தக் கொம்பனை உனக்கும் தெரியும். போன அக்டோபரில் நீயும் பார்த்தாய் என்று டெல்பர்ட் சொல்கிறார். அவருக்கு லேசான குண்டு, உனக்குக் கனமான குண்டு. அவர் குறி தவறினால் அடுத்த குறி யாருடையது? நான் கேட்கவில்லை, அண்ணா. கேட்க வைக்காதே என்று கேட்கிறேன்.

அண்ணியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டவேண்டாம்.

லவோன்


பெல் கிரீக்
17 ஜூலை 1966, ஞாயிறு

அண்ணா,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. சுகம்தானே? சுகமில்லை என்றால் அண்ணியாவது ஒரு வரி எழுதலாம்.

சபை விருந்துக்காக வியாழக்கிழமை குளிர்பெட்டியின் அடியிலிருந்து போன வருட மானின் முன்தோள் ஒன்றை எடுத்து உருகவைத்தேன். எலும்பிலிருந்து இறைச்சியைக் கழற்றும்போது கத்தி எதிலோ தட்டியது. நோண்டி எடுத்தேன். குண்டு. முன்பக்கம் காளான்போல விரிந்து, பின்பக்கம் முழுசாக இருந்தது.

கழுவித் துடைத்து மருந்துத் தராசில் வைத்தேன்.

நூற்றெழுபத்தொன்று.

தராசைச் சரிபார்த்து மறுபடி வைத்தேன். நூற்றெழுபத்தொன்று.

மானுக்குள் போகிற குண்டு எலும்பிலும் சதையிலும் கொஞ்சம் தன்னை இழந்துதான் வெளியே வரும், கூடி வராது. நோட்டைப் பிரித்தேன். "16 அக்டோபர் 1965. டெல்பர்ட். 150. இரண்டு தோட்டா. மான் ஒன்று." இரண்டு வெற்றுக் கூடுகளும் என் கையில் திரும்பி வந்தன, அதையும் குறித்திருக்கிறேன். நூற்றைம்பதாகப் போன குண்டு எப்படி நூற்றெழுபத்தொன்றாகக் கிடைக்கும்? ஆண்டவர் அப்பத்தைப் பெருக்கினார். ஈயத்தைப் பெருக்கினதாக நான் எங்கும் வாசித்ததில்லை.

அந்த மலையில் அன்று இருந்தது இரண்டே பேர். உன் தோட்டாக்கள் இருநூறு. நீயே அவற்றை என் சமையல் மேசைமேல் வரிசையாக நிறுத்திவைத்துப் பீற்றிக்கொண்டாய்.

அந்த மானில் டெல்பர்ட்டின் வேட்டைச் சீட்டு கட்டியிருந்தது. அந்த மானின் முதுகுச் சதையைப் போதகர் வீட்டுக்குக் கொடுத்து, "என் வீட்டுக்காரர் சுட்டது" என்று இந்த வாயால் சொன்னேன். ஒருவர் சீட்டில் இன்னொருவர் சுடுவது சட்டத்துக்கும் விரோதம், தேவனுக்கும் விரோதம்.

அதை யார் சுட்டது? ஒரே சொல்லில் பதில் எழுது. டெல்பர்ட்டிடம் நான் இன்னும் கேட்கவில்லை. முதலில் உன்னிடம் கேட்கிறேன், நீ என் தாய் வயிற்றில் பிறந்தவன் என்பதால்.

லவோன்


மேரோ ஃபெரி
30 ஜூலை 1966

லவோன்,

நலம்.

நான்தான் சுட்டேன். அவருடைய இரண்டு தோட்டாவையும் மண்மேட்டில் சுட்டதும், கூட்டை உன்னிடம் கொடுக்கச் சொன்னதும் நான்தான்.

ஏன் என்று என்னிடம் கேட்காதே. சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவரைக் கேள். அவர் சொல்லும்வரை ஒரு தோட்டாவும் செய்து கொடுக்காதே. நூற்றைம்பதும் வேண்டாம். எதுவும் வேண்டாம். உன் அண்ணன் உன்னிடம் இதுவரை வேறு எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

இதைக் கிழித்துவிடு.

ஆர்லோ


பெல் கிரீக்
8 ஆகஸ்ட் 1966

ஆர்லோ அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன், பொய்ச்சாட்சி பற்றிய பக்கத்தில்.

அவரைக் கேள் என்றாய். கேட்டேன். புல் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"போன வருஷ மானை யாரு சுட்டது?"

"சீட்டுல யாரு பேரு இருக்கு?"

"சீட்டு சுடாதுங்க."

கத்தியை விரலால் தடவிப் பார்த்தார். "உங்கண்ணன் கை கொஞ்சம் முந்திடுச்சி. விடு."

"நீங்க என்ன செஞ்சிட்டிருந்தீங்க?"

"துப்பாக்கிக் கண்ணாடிக்குள்ள பாத்துட்டிருந்தேன். பாத்துட்டே இருந்தேன். அதுக்குள்ள அவன் அடிச்சிட்டான்."

"கோவம் வரலியா உங்களுக்கு?"

"மச்சான் மேல என்ன கோவம்? அவன் வேற எதாவது எழுதுனானா ஒனக்கு?"

"இன்னும் என்ன எழுதணும்? சுட்டது நான்தான்னு எழுதிட்டாரு. உங்களுக்குத் தோட்டா செஞ்சு குடுக்காதன்னும் எழுதிட்டாரு."

அவர் கத்தியைத் திருப்பி மறுபக்கத்தைத் தீட்டினார். பிறகு, "நீ என்ன செய்யப்போற?" என்றார்.

"இருநூறு செய்யப்போறேன். இருபது."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

அண்ணா, எனக்கு இப்போது எல்லாம் விளங்குகிறது. போன வருடம் அவருடைய மானை நீ முந்திக்கொண்டு அடித்தாய். மானம் போகக்கூடாது என்று அவர் தன் சீட்டைக் கட்டி உன் தப்பைச் சுமந்தார். இந்த வருடம் கொம்பன்மேல் உனக்குக் கண். அதற்குத்தான் முதலில் லேசான குண்டு, பிறகு புரி, பிறகு முழங்கால், கடைசியில் கெஞ்சல். ஒரு வாரத்துக்கு ஒரு காரணம் மாற்றுகிறவன் உண்மையைத்தான் மறைக்கிறான்.

இருபது தோட்டாவும் தயார். ஒவ்வொரு குண்டையும் தனித்தனியே நிறுத்தேன், அரைக் கிரெயின் வித்தியாசம்கூட இல்லை. 20ஆம் தேதி சனிக்கிழமை காலை ஐந்நூறு கெஜத்தில் சோதித்துப் பார்க்கிறோம். நானே கூடப் போய் நோட்டில் எழுதுவேன்.

இந்த அக்டோபரில் நீ வரவேண்டாம். அண்ணிமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவளுக்கு என் அன்பைச் சொல்.

லவோன்


மேரோ ஃபெரி
17 ஆகஸ்ட் 1966, புதன்

என் தங்கை லவோனுக்கு,

கடவுள் இந்தக் கடிதத்தை வேகமாகக் கொண்டுசேர்க்கட்டும். வெள்ளிக்கிழமை, தப்பினால் சனிக்கிழமை வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

உன் கடிதம் 11ஆம் தேதியே வந்தது. ஆறு நாள் சட்டைப் பையிலேயே இருந்தது. இன்று இர்மா துவைக்க எடுத்தபோது வாசித்துவிட்டாள். அவளுக்கும் இன்றுதான் எல்லாம் தெரியும். "சத்தியமாம் சத்தியம்! அந்த மனுஷனுக்குக் கண்ணு போச்சுன்னா உங்க சத்தியமா வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகும்?" என்று கத்தினாள். பேனாவை என் கையில் திணித்ததும் அவள்தான்.

போன வருடம் ஆகஸ்டில் கிடா வாங்கப்போகிறோம் என்று மச்சானும் நானும் ஆறு நாள் போய், கிடா இல்லாமல் திரும்பினோமே. அது கிடாச் சந்தை இல்லை. சால்ட் லேக்கில் கண் மருத்துவமனை. அவர் வலது கண்ணுக்குள்ளே இருக்கும் விழித்திரை கிழிந்திருந்தது. கறுப்பு நூல் நூலாகப் பறக்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார், உனக்குச் சொல்லவில்லை. தைத்து ஒட்டினார்கள். கண்ணில் வைக்கோல் குத்தியது என்று உன்னிடம் சொன்னதெல்லாம் அதற்குத்தான்.

மருத்துவர் சொன்னது இது: பாரம் தூக்கக்கூடாது, தலை அதிரக்கூடாது, பெரிய துப்பாக்கியின் உதை தோளில் ஒரு தடவை விழுந்தாலும் ஒட்டியது பிய்ந்துவிடலாம். இடது கண் சின்ன வயதில் வேலிக் கம்பி அடித்ததிலிருந்து நிழல்தான் என்று உனக்கே தெரியும். இருக்கிறது ஒரே கண்.

காரில் திரும்பும்போது உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவின் பேரில் என்னிடம் சத்தியம் வாங்கினார். "அவ தெரிஞ்சா என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி அலமாரியில வெச்சிடுவா மச்சான்" என்றார். அக்டோபரில் மலைக்கு வந்தார். துப்பாக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தார், வைத்தபடியே நின்றார். அவர் விசையை இழுக்கும் முன்னே நான் சுட்டுவிட்டேன். கை முந்தியது உண்மைதான்.

இருநூறு அதிகம் உதைக்கும். அதைத்தான் உன்னிடம் சொல்ல முடியாமல் காற்றையும் புரியையும் பற்றி உளறினேன். உனக்கு எல்லாம் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

தொலைபேசியை இரண்டு தரம் எடுத்தேன். ஊரே கேட்கும் கம்பியில் அவர் கண்ணைப் பற்றிச் சொன்னால் அவர் என்னை மன்னிக்கமாட்டார் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை சுடவிடாதே.

ஆர்லோ


மேரோ ஃபெரி
2 செப்டம்பர் 1966

லவோன்,

எப்படி இருக்கிறீர்கள்? பதில் இல்லை.

நான்கு நாளாகத் தொலைபேசி அடிக்கிறேன், யாரும் எடுப்பதில்லை. நேற்று பியர்ல் குறுக்கே வந்து, "அவங்க சால்ட் லேக் போயிருக்காங்க" என்றாள். எதற்கு என்று கேட்டேன். "அதை அவங்கதான் சொல்லணும்" என்று வைத்துவிட்டாள். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டது எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

ஆர்லோ


பெல் கிரீக்
11 செப்டம்பர் 1966, ஞாயிறு

அண்ணா,

கர்த்தர் நல்லவர் என்றுதான் தொடங்கவேண்டும். எழுதிவிட்டேன். அண்ணிக்கு விரல் தேவலையா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். தபால் வண்டி எங்கள் பெட்டிக்குப் பதினொரு மணிக்குத்தான் வரும். சரளைக் குழியில், வண்டியின் முன்மூடிமேல் மணல்மூட்டை வைத்து, ஐந்நூறு கெஜத்துக்கு அப்பால் வெள்ளையடித்த பலகையைக் குறிவைத்தார். நான் பக்கத்தில் தொலைநோக்கியும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தேன். முதல் குண்டு இடப்பக்கம் ஒன்பது அங்குலம். இரண்டாவது ஆறு. கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "தூசி" என்றார். மூன்றாவது பலகையின் நடுவில் பட்டது. நடுவில் பட்டது, அண்ணா. நான் கைதட்டினேன்.

"லவோன்" என்றார், "திரையை யாரு இழுத்துவிட்டா?"

வெட்டவெளி. திரை ஏது? விளையாடுகிறார் என்று நினைத்தேன். "பேசாம நாலாவதைப் போடுங்க, காத்து மாறுது" என்றேன். அவர் தோட்டாவைத் தேடி முன்மூடிமேல் தடவினார். அது அவர் சுண்டுவிரல் பக்கத்திலேயே இருந்தது. தடவிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

எங்கள் தபால் பெட்டியைத் தாண்டித்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உன் கடிதம் அதற்குள் இருந்திருக்கவேண்டும். நான் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தபோது பியர்ல் எல்லாத் தபாலையும் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். உறையை வெளிச்சத்தில் பிடித்து ஒட்டைப் பார்த்தேன். பிரிக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

மருத்துவமனையில் தலைக்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டி, பதினாறு நாள் அசையாமல் கிடத்தினார்கள். மருத்துவர் என்னைக் கேட்டார்: "அந்தத் துப்பாக்கி எவ்வளவு உதைக்கும்?" நோட்டு என் பையில் இருந்தது. பதினோரு வருடம். எடை இருக்கிறது, மருந்து இருக்கிறது, காற்று இருக்கிறது. உதைக்கு ஒரு கட்டம் நான் போடவே இல்லை. சுட்டது என் தோள் இல்லையே. பிறகு வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூற்றைம்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம்.

வலது கண்ணில் இப்போது சன்னல் எது, சுவர் எது என்று தெரிகிறது. அதற்கு மேல் வராது என்கிறார்கள். கதவில் நான் வந்து நிற்பது தெரியும், என் முகம் தெரியாது.

கண் கட்டியிருந்தபோது ஒரு நாள் அவரே எல்லாவற்றையும் சொன்னார். நான் கேட்டேன்: "எனக்குத் தெரியக்கூடாதுன்னுதான சத்தியம் வாங்குனீங்க? பின்ன எதுக்கு அண்ணனுக்கு எழுதிக் கேக்கச் சொன்னீங்க?"

"அவன் சத்தியத்த மீறி உனக்குச் சொல்லிடுவான்னுதான். என் வாயால வரல, லவோன். அவன் வாயால வந்துட்டா நல்லதுன்னு ஒவ்வொரு கடுதாசிக்கும் காத்துட்டிருந்தேன். ஒவ்வொண்ணா வந்திச்சு, நீ புரிய அளந்த, காத்தக் கணக்குப் போட்ட, அவனத் திட்டுன."

"அப்ப எதுக்குச் சுட்டீங்க?"

"நீ செஞ்சு குடுத்தியே. நீ கணக்குப் பாத்துக் குடுத்ததுல எப்பவாவது தப்பு வந்திருக்கா? இருபதும் ஒரே எடையா கையில உக்காந்தப்ப, எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தோணிடுச்சி."

நீ எழுதிய காரணங்கள் எல்லாம் பொய், அண்ணா. எழுதிய எடை மட்டும் சரி. நான் காரணங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். நீ ஆறு நாள் கடிதத்தைப் பையில் வைத்திருந்ததற்காக உன்னை மன்னிக்க முயல்கிறேன். இத்தனை நாள் உன்னைத் திருடனாகப் பார்த்ததற்காக நீயும் முயன்று பார்.

அக்டோபரில் வா. துப்பாக்கி கொண்டுவராதே. காலையில் அவர் கையைப் பிடித்து ஆட்டுக் கொட்டகையைச் சுற்றி நடத்த ஆள் வேண்டும். நான் பிடித்தால் உதறுகிறார். உன்னோடு என்றால் வருவாராம்.

நேற்று உன் ஆகஸ்ட் மாதக் கடிதத்தை அவருக்கு உரக்க வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். முடித்ததும், "ஏதாவது விட்டியா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். விரலால் ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்தார். மூன்று. பிறகு உறைக்குள்ளும் விரல்விட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் எழுதிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டு இப்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். மடிக்கும் முன் இதையும் வாசிக்கவேண்டுமாம். ஒரு வரி விடாமல் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

உன் தங்கை,
லவோன்